சும்மாடு

காளவாசல் முக்கில்
ஒன்பதரைக்கு மேல் நிற்பவர்களை
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
கொத்தனார்கள் போயாச்சு.
கம்பி கட்டுகிறவர்களும் போயாச்சு.
கடைசி வண்டியில் வந்த மேஸ்திரி
"நீ, நீ, அந்தப் பச்சைச் சேலை" என்றார்.
என் சேலையும் பச்சைதான்.
அவர் விரல் என் தோளைத் தாண்டிப் போனது.

டீக்கடை சவரிமுத்து கிளாசை அலசிக்கொண்டே கேட்டார்:
"என்ன ஒச்சம்மா, இன்னைக்குச் சும்மாதானா?"

சும்மாதான்.
தூக்குவாளியில் சோறு தொடாமல் இருக்கிறது.
கையில் சும்மாடு,
கிழிந்த சேலையைத் திருகிச் சுற்றியது.
ஒன்பதாவது வரைக்கும் படித்தவள் நான்,
எழுத்துக் கூட்டிப் பார்க்கத் தெரியும்.
சும்மாவுக்கும் சும்மாடுக்கும் நடுவே
ஒரே ஓர் எழுத்து.
அதன் விலை அறுநூற்றைம்பது ரூபாய்.

சும்மா இருந்தால் ஞானம் வரும் என்று
மார்கழியில் கோயில் மைக்கில் ஒருவர் பேசினார்.
எனக்கு வந்தது
வியாழக்கிழமைக் குழுத் தவணை.
அவருக்கு யாரோ
வேளாவேளைக்குச் சோறு வடித்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகலாம்.
போனால், "ஏன் வந்துட்ட?"
நடுப்பகலில் சொந்த வாசல் நுழைய
ஒரு காரணம் கொண்டுபோக வேண்டும்,
காய்ச்சலோ, காயமோ.

வெள்ளைப் போர்டு பஸ் வந்தது.
பொம்பளைகளுக்குக் காசில்லை.
"எங்க?" என்றார் கண்டக்டர்.
இருபத்தோரு வருஷமாக
யாரோ எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த பதில் அது.
"கடைசி வரைக்கும்" என்றேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
அந்த ஜவுளிக்கடையின் நாலாவது மாடி
என் தலைவழியே ஏறியது:
மணல், ஜல்லி, மழைநாளில் சிமெண்டுத் தண்ணீர்.
கட்டும்போது வாசல் கிடையாது, சாரம்தான்.
கட்டி முடித்ததும் வாசல் வந்தது,
வாசலில் தொப்பி போட்ட ஓர் ஆளும் வந்தான்.
பாலத்தில் எட்டிப் பார்த்தேன்.
ஆற்றில் தண்ணீர் இல்லை.
அதையும் இன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை போல.

சுமை இல்லாதபோதும்
என் கழுத்து நேராகவே நிற்கும்.
"தலைக்கனம் புடிச்சவ" என்பாள் நாத்தனார்.
தலையில் கனம் இருந்தது வாஸ்தவம்தான்.
பிடித்தது நானா, அதுவா?

தல்லாகுளத்தில் கூட்டம் நெரித்தது.
கம்பியில் தொங்கிய ஒரு பையன்
"அக்கா, கொஞ்சம் வச்சுக்கங்க" என்று
பையை மடியில் வைத்தான்.
அதன்மேல் ஒரு பெண்ணின் டிபன் கூடை.
அதன்மேல் யாருடையதோ, முகம்கூடத் தெரியவில்லை,
நாலு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த கட்டைப் பை.
கனம்தான். புத்தக முனை தொடையில் குத்தியது.
நகர்த்தி, சாய்த்து,
எதுவும் விழாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.
அப்புறம்தான் சிரிப்பு வந்தது.
இன்றைக்கும் சுமைதான், ஒச்சம்மா.
கூலி இல்லை, மேஸ்திரி இல்லை.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
அந்த "இருக்கலாம்"
மூன்று பைகளுக்கு அடியில்
பஞ்சு மாதிரி கிடந்தது.

ஒத்தக்கடையில் இறங்கினேன்.
யானைமலை
பாகனில்லாமல் படுத்துக் கிடந்தது.
எத்தனை பாண்டு வரும் என்று
கண் தானாகக் கணக்குப் போட்டது.
வெட்கமாக இருந்தது.
புளியமரத்தடியில் சோற்றைத் தின்றேன்.
சும்மாட்டைப் பிரித்து விரித்தேன்.
ஓரத்தில் மஞ்சள் பூப் போட்ட சேலை,
மூத்தவள் பிறந்தபோது எடுத்தது.
இத்தனை நாளும் அந்தப் பூ
என் உச்சந்தலைக்கும் செங்கலுக்கும் நடுவில்
இருந்திருக்கிறது.
அதன்மேல் தலையை வைத்துத் தூங்கினேன்.
விழித்தபோது ஒன்றும் புரியவில்லை.
தவணையும் அப்படியே இருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கே காளவாசல்.
அந்த விரல் இந்தத் தடவை என்னிடம் நின்றது.
"என்ன கட்டடம்?" என்று கேட்டேன்.
பக்கத்தில் நின்ற வெள்ளத்தாயி
என் இடுப்பில் கிள்ளினாள்.
மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார்,
செங்கல் பேசியதைப் போல.

அவர் வாய் திறக்குமுன்
வண்டியில் ஏறிவிட்டேன்.
ஆனாலும் கேட்டேன்.